குறு விவசாயியின் அண்ணன்

அரசாங்கம் புதிதாக ஒரு திட்டம் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முதலில் யாருக்குத் தெரியும், மந்திரிக்கா அதிகாரிக்கா என்று மற்ற மாவட்டத்துக்காரர்கள் வேண்டுமானால் பட்டிமன்றம் நடத்தட்டும். கும்மிடிப்பூண்டி பக்கத்தில் எங்களுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. முதலில் தெரிவது ஸ்கீம் நைனாவுக்கு. அவர் டீக்கடையில் சொல்லி, ஷேர் ஆட்டோவில் சொல்லி, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் சொல்லி, அவர்கள் தங்கள் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லி, எல்லாம் முடிந்த பிறகுதான் எங்கள் ஆபீஸுக்கு சுற்றறிக்கை வரும்.

எங்கள் ஆபீஸ் என்றால் வேளாண்மை விரிவாக்க மையம். விதை, உரம், மானியம் என்று விவசாயிகள் வந்து நிற்கும் இடம். அங்கே விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள் நான். வேலையில் சேர்ந்த முதல் நாள், புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, பெரிய உத்தியோகஸ்தி மாதிரி உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்தார் ஸ்கீம் நைனா. உரச் சாக்கில் தைத்த பை, ஏதோ விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த டி-ஷர்ட், டிராக்டர் கம்பெனி இலவசமாகக் கொடுத்த தொப்பி. வரிசையில் நின்ற அத்தனை பேரையும் திரும்பிப் பார்க்க வைத்து ஒரு சத்தம் போட்டார்.

"எல்லாரும் பாத்துக்கோங்க, என் தம்பி பொண்ணு! கான்ட்ராக்ட்தான், பர்மனெண்ட் இல்ல. அதுக்கும் எதுனா ஒரு ஸ்கீம் வரும், கண்ணு, கவலப்படாத!"

ஆமாம், அவர் எனக்குப் பெரியப்பா. அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். ஆந்திரா எல்லை பக்கம் என்பதால் எங்கள் ஊரில் பெரியவர்களை நைனா என்று கூப்பிடுவது வழக்கம். இவரோ பெரியவர், சின்னவர், பால்காரர், தாசில்தார் எல்லோரையுமே நைனா என்றுதான் கூப்பிடுவார். ஊர் அதைத் திருப்பி அவருக்கே வைத்துவிட்டது.

வெட்கம் என்று ஒன்று மனிதனுக்கு உண்டே, அது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. அவருக்குச் சேர வேண்டிய வெட்கத்தையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருந்தேன். மின்சார ரயிலில் அவரோடு மீஞ்சூர் வரைக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்கள், தெரியும். பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஆளின் தொடையில் தட்டி, "நைனா, பட்டா உன் பேர்ல கீதா, உங்க அப்பா பேர்ல கீதா?" என்று ஆரம்பிப்பார். அந்த ஆள் இவரை நிலம் பிடுங்குகிறவன் என்று நினைத்து அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்கு ஓடுவான். இவரும் இறங்கிப் பின்னாலேயே ஓடுவார். "ஒரு நிமிசம் நைனா! உன் நல்லதுக்குத்தான்!" நான் ஜன்னல் பக்கம் திரும்பி, யாரோ எவரோ என்று உட்கார்ந்திருப்பேன்.

சாவு வீட்டிலாவது சும்மா இருப்பாரா? எங்கள் தெருக்கோடியில் ஒருவர் தவறிப்போனார். பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். இவர் மாலையைப் போட்டுவிட்டு, பையன் காதோடு ரகசியம் பேசினார். அவர் ரகசியம் நாலு தெருவுக்குக் கேட்கும். "அப்பாருக்கு உழவர் அட்டை இருந்துச்சா? இருந்தா ஈமச்சடங்குக்கு டப்பு குடுக்கறாங்கோ. சர்டிபிகேட்டு வாங்கறப்போ கூட ரெண்டு காப்பி வாங்கிக்கோ." அழுகை பாதியில் நின்றுவிட்டது. எனக்கு நின்ற இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. அந்தக் குடும்பத்துக்குப் பணம் நிஜமாகவே வந்தது, அது வேறு விஷயம்.

அவருடைய கணக்கில் உலகத்தில் மூன்றே வகை மனிதர்கள். இரண்டரை ஏக்கருக்குள் நிலம் இருந்தால் குறு விவசாயி. அஞ்சு ஏக்கருக்குள் இருந்தால் சிறு விவசாயி. அதற்கு மேல் போனால் பெரிய விவசாயி. மானியம், முன்னுரிமை எல்லாம் சின்னவர்களுக்குத்தான் அதிகம். அதனால் அவர் மரியாதை ஊர் மரியாதைக்கு நேர்த் தலைகீழ். இரண்டு ஏக்கர்க்காரனைப் பார்த்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் குலுக்குவார். இருபது ஏக்கர்க்காரனைப் பார்த்தால் உச்சுக் கொட்டுவார். "பாவம். நல்ல மனுசன். இன்னா பண்றது, ஒண்ணும் தேறாது."

இப்படி ஊருக்கெல்லாம் தேடிக் கொடுத்தவர், தனக்கென்று ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பண்ணைக்குட்டை. நிலத்தின் மூலையில் அரசாங்கச் செலவில் பள்ளம் வெட்டித் தருவார்கள். மழைத் தண்ணீர் ஓடிப்போகாமல் அதில் தங்கி, பூமிக்குள் இறங்கி, பக்கத்துக் கிணறு ஊறும். அவருக்கும் அப்பாவுக்கும் பொதுவாக மூன்று ஏக்கர், கூட்டுப் பட்டா. அதில் பாதி அவர் பயிர் செய்வது, பாதி எங்களுடையது. சுற்றிலும் கம்பெனி, கோடவுன், லாரி நிறுத்துமிடம் என்று வந்துவிட, நடுவில் இந்த மூன்று ஏக்கர் மட்டும் பச்சையாக நின்றது. கிணற்றுத் தண்ணீர் ஒவ்வொரு கோடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உப்புக் கரிக்க ஆரம்பித்தது. போன கோடையில் மாடுகூட வாய் வைக்கவில்லை.

"இந்த மழைய புடிச்சி வெச்சாத்தான் கண்ணு, கெணறு பொழைக்கும்" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் தானாக இறங்கும். "கெணறு போச்சின்னா எனுக்கு இன்னா வேல இங்க? மீஞ்சூர்ல மருமவன் ஊட்டுக்குப் போயி, அவன் எப்ப சோறு போடுவான்னு தட்டப் பாத்துகினு ஒக்காரணும்."

மருமகன் வீட்டில் நிரந்தரமாகப் போய் உட்காருவது எங்கள் பக்கத்தில் லேசுப்பட்ட விஷயமில்லை. பெரியம்மா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். குட்டைக்கு விண்ணப்பத்தை நான்தான் ஏற்றினேன். ஆர்டர் வருவதற்குக் காத்திருந்தோம். அதற்கு நடுவில் தை பிறந்தது, என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. யூனிஃபார்மை அவரேதான் இஸ்திரி போடுவார், அம்மாவைத் தொட விடமாட்டார். தெருவில் நாலு பேர் எதிரில் குரலை உயர்த்தாத மனிதர். மரியாதை என்றால் அவருக்கு உயிர். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொன்னார். கல்யாணத் தரகரிடம், "அஞ்சு ஏக்கர் நஞ்சை, எல்லாம் நம்ம பேர்லதான்" என்று சொல்லிவிட்டார். பெண்ணைப் பெற்றவர் சொல்கிற பொய்தானே, போகட்டும்.

மாப்பிள்ளை வீட்டார் ஆர்.கே.பேட்டை பக்கம். பத்து ஏக்கர் மாந்தோப்பு என்று தரகர் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பெரியப்பா ஊரில் இருக்கக் கூடாது என்று அப்பா முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டார். "ண்ணா, திருவள்ளூர்ல விவசாயிங்க குறைதீர் கூட்டமாமே, நீ போவல?" என்று லேசாகப் போட்டார். அவ்வளவுதான், விடிவதற்குள் பையோடு கிளம்பிவிட்டார் பெரியப்பா. அப்பா நிம்மதியாக மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

கூட்டத்தை அன்றைக்குப் பார்த்து ஒத்திவைத்துவிட்டார்கள். எங்கள் தலையெழுத்து. நான் காபித் தட்டை ஏந்திக்கொண்டு கூடத்துக்குள் ஒரு காலை வைக்கிறேன், வாசலில் அந்தத் தொப்பி தெரிகிறது.

"இன்னாடா தம்பி, விசேசமா? ஒரு வார்த்த சொல்லல?"

யாரும் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் வெள்ளை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக, கால்மேல் கால் போட்டு, "எங்களுக்குப் பத்து ஏக்கருங்க. பங்கனப்பள்ளி, ருமானி எல்லாம் இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா உச்சுக் கொட்டினார்.

"பத்தா? அடப்பாவமே."

"இன்னாங்க பாவம்?"

"சொட்டுநீர் போட்டாச்சா?"

"போடணும்னுதான்..."

"பத்து ஏக்கர்னா முழு மானியம் கெடைக்காதே நைனா. கைக்காசு போட்டாவணும். அஞ்சுக்குள்ள இருந்தா மொத்தமும் கவர்மெண்டே குடுத்துடும், குழாயிலேர்ந்து டேப்பு வரைக்கும். நீங்க இன்னா பண்ணுவீங்க, பெரிய மனுசனாப் பொறந்துட்டீங்க."

அந்த மனிதர் தன் மனைவியைப் பார்த்தார். கேசரியைப் பார்த்தார். கௌரவமும் மானியமும் அவர் முகத்தில் கட்டிப் புரண்டதை நான் தட்டோடு நின்று நேரில் பார்த்தேன். மானியம் ஜெயித்தது.

"அது வந்துங்க... பத்துன்னு சொல்றது பங்காளிங்களுது எல்லாம் சேத்து. எம்பேர்ல பாத்தா நாலரைதான் வரும்."

"நாலரையா!" பெரியப்பா எழுந்தே விட்டார். "குடுங்க கைய! சிறு விவசாயி! இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

மாப்பிள்ளையின் அம்மா புருஷனைக் கிள்ளியது எனக்கே வலித்தது. மாப்பிள்ளை தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அப்பா முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அடுத்தது தன் தலைதான் என்று அவருக்குத் தெரியவில்லை.

"இதுல வெக்கப்பட இன்னா கீது?" என்று ஆரம்பித்தார் பெரியப்பா. "என் தம்பியப் பாருங்க, உங்களுக்கு ஒரு படி மேல."

"ஆமாங்க, அஞ்சு ஏக்கர்னு தரகர் சொன்னாரு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, கொஞ்சம் புளிப்பாக.

"அஞ்சா? எவன் சொன்னது? மொத்தமே மூணு, அதுவும் கூட்டுப் பட்டா! என்னுத எடுத்துட்டா ஒண்ணரைதான். குறு விவசாயிங்க அவன்! குறு!"

அப்பாவின் தோளில் கை போட்டு, தம்பி கலெக்டர் பரீட்சை பாஸானதைச் சொல்லும் அண்ணன் மாதிரி பூரித்துப்போய்ச் சொன்னார். அதில் ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் கொடுமை. காபியை யாரும் குடிக்கவில்லை. ஊருக்குப் போய்த் தகவல் சொல்வதாகக் கிளம்பிவிட்டார்கள். நான் சமையல்கட்டில் போய், அந்தப் பட்டுப்புடவையோடு மிக்ஸி பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. அம்மா சாமி படத்தின் முன்னால் கைகூப்பி நின்றாள். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். "நேத்து ஒரு பெரியவர் வந்தாரே, தொப்பி போட்டுகினு, அவரு நம்பர் கொஞ்சம் குடுக்கறீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதோடு அந்தக் கதை முடிந்தது.

அப்பா சத்தம் போட்டிருந்தால்கூட தேவலை. போடவில்லை. "எனக்கு அண்ணன்னு யாரும் கெடையாது" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். எதிர் எதிர் வீடு. அதற்கப்புறம் அந்தப் பக்கம் அவர் கண் போகவே இல்லை. பெரியப்பாவுக்கோ தான் செய்தது தப்பு என்றே தெரியாது. "ஒரே நாள்ல ரெண்டு பேரக் கண்டுபுடிச்சேன் பாரு, ரெண்டும் ஒளிஞ்சிகினு இருந்த கேசு!" என்று டீக்கடை, லாரி ஷெட்டு, ரயில்வே கேட் என்று ஒரு இடம் விடாமல் சொல்லிச் சிரித்தார். தம்பி பேசவில்லை என்றதும், தெருவைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். "இந்தத் தெருவுல குறு விவசாயி யாரா இருந்தாலும் கேட்டுக்கோங்கோ, வேர்க்கடலை வெதை வந்துருக்குது!" தெருவில் குறு விவசாயி அப்பா ஒருவர்தான். அம்மா ஓடிவந்து ஜன்னலைச் சாத்துவாள்.

அப்புறம் ஒரு நாள் காலையில் பெரியப்பா ஆபீஸுக்கு வந்தார். சத்தம் இல்லை. பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார். எங்கள் உதவி அலுவலர் மேடமே பயந்துபோய், "இன்னாங்க நைனா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"நேத்து அவன் கம்பெனி கேட்டுக்குப் போனேன் கண்ணு. உளுந்து வெதை வந்துருக்குதே, நேர்லயே சொல்லிடலாம்னு. லாரிங்கோ வரிசையா நிக்குது. ஒரு டிரைவர் கத்தறான், 'டேய் அஞ்சேக்கர், கேட்டத் தொறடா'ன்னு. இன்னொருத்தன், 'அஞ்சு இல்லபா, ஒண்ணரை'ன்னு சிரிக்கறான். யாரடா சொல்றானுங்கன்னு பாக்கறேன், நம்ம தம்பி. தலைய குனிஞ்சிகினு வந்து கேட்டத் தொறக்கறான்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. திரும்பி வந்துட்டேன். நான் சொல்லித்தான கண்ணு அவனுங்களுக்குத் தெரிஞ்சிது."

இவருக்குக் கொஞ்சமாவது வெட்கம் வரக் கூடாதா என்று நான் வேண்டாத சாமி கிடையாது. வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அதற்கப்புறம் அவர் ஷேர் ஆட்டோவில் யாரிடமும் பேசுவதில்லை. தொப்பியை முகம் மறைய இழுத்து விட்டுக்கொண்டு போவார். ஆபீஸில் வருகிறவர்கள் என்னிடம், "நைனா எங்கம்மா? ஸ்கீம் எதுவும் வரலையா?" என்று கேட்டார்கள். வந்துகொண்டுதான் இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை.

இந்த லட்சணத்தில் குட்டைக்கு ஆர்டர் வந்தது. ஜேசிபி இந்த வாரமே எங்கள் பக்கம் வருகிறது. ஆனால் நிலம் கூட்டுப் பட்டா. பங்குதாரர் எல்லோரும் சம்மதித்து, வேலை ஆரம்பிக்கும் முன் அந்த நிலத்திலேயே சேர்ந்து நின்று, மேடம் தன் போனில் எடுக்கும் போட்டோவில் விழ வேண்டும். இல்லாவிட்டால் வண்டி அடுத்த ஊர் ஆளுக்குப் போய்விடும்.

"அடுத்த ஆளுக்கே குடுத்துடச் சொல்லு கண்ணு" என்றார் பெரியப்பா.

"பெரியப்பா! மழ வருது. கிணறு?"

"கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நின்னுருக்கேன், மந்திரி கார மறிச்சி நின்னுருக்கேன். தம்பி ஊட்டு வாசல்ல போயி நிக்கறதுக்கு எனுக்கு மூஞ்சி இல்ல. வுட்டுடு."

அன்று சாயங்காலம் எதிர் வீட்டில் பெரியம்மா பரண் மேலிருந்து பெரிய பாத்திரங்களை இறக்கித் துடைத்து, மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மீஞ்சூருக்கு. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஊரெல்லாம் பேசற வாயிதான? வந்து கேக்கட்டும்" என்றார். நான் மேலே பேசுவதற்குள் சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டில் பேசினால் எழுந்து போய்விடுகிறார். எங்கே பேசினால் எழுந்து போக முடியாது என்று யோசித்தேன். மறுநாள் மதியம் பர்மிஷன் போட்டுவிட்டு நேராக அவர் கம்பெனி கேட்டுக்குப் போனேன். டியூட்டியில் இருக்கும் செக்யூரிட்டி கேட்டை விட்டு எங்கே போவார்? லாரிகள் உறுமிக்கொண்டு வரிசையில் நின்றன. நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. கத்த வேண்டியதாயிற்று.

"அப்பா! நீ கையெழுத்து போட்டு போட்டோவுக்கு நின்னாத்தான் பெரியப்பாவுக்குக் குட்டை வெட்டுவாங்க!"

"இன்னாம்மா இது, ரோட்ல நின்னுகினு! ஊட்டுக்குப் போ. அவரத்தான் வரச் சொன்னேனே!"

"வந்தாரு! இங்க வந்தாரு, இதே கேட்டுக்கு! உன்னக் கூப்பிட்டத காதால கேட்டுட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாரு!"

அப்பா லாரி நம்பர் எழுதும் நோட்டைக் கீழே இறக்கினார். "எப்படி கூப்பிட்டத?"

நான் எப்படிச் சொல்வேன், சொல்லுங்கள். எனக்குப் பதிலாக மூன்றாவது லாரிக்காரன் ஹாரனை அடித்துவிட்டுச் சொன்னான்.

"யோவ் அஞ்சேக்கர்! கேட்டத் தொற, லேட்டாவுது!"

அப்பா திறக்கவில்லை. என்னையே பார்த்தார். "இதயா கேட்டாரு?"

"இததான்ப்பா. நான் சொல்லித்தான் அவனுங்களுக்குத் தெரிஞ்சிதுன்னு ஆபீஸ்ல வந்து ஒக்காந்து சொல்றாரு. அன்னியிலேர்ந்து அவரு யார்கிட்டயும் பேசறதில்ல. மீஞ்சூருக்கு மூட்ட கட்டறாங்க."

அண்ணன் பார்த்துவிட்டார் என்பது அப்பாவுக்குப் பெரிய அடி. மற்றவர்கள் பேசியதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினவர், அண்ணன் கண் எதிரில் தலைகுனிந்து நின்றோம் என்று தெரிந்ததும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டைத் திறந்துவிட்டார். முதல் லாரி நகர்ந்து என் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் ஜன்னலில் கையை ஊன்றிக் கேட்டார்.

"ஏம்மா, குட்ட வெட்றதுன்னியே, அது ஃப்ரீயா? எங்க ஊருலயும் கூட்டுப் பட்டாதான்."

"எந்த ஊரு? எத்தன பங்காளி? யாராவது வெளியூர்ல இருக்காங்களா? உழவர் அட்டை எடுத்துட்டியா?" என்று நான் நடுரோட்டில், லாரி சத்தத்துக்கு மேல் கத்திக்கொண்டிருந்தேன். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. பாதியில்தான் என் குரல் எனக்கே உறைத்தது. முகம் சூடேறிவிட்டது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீயுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த லாரியிடம் போனார்.

மறுநாள் காலை நிலத்தில் ஜேசிபி வந்து நின்றது. மேடம் வந்தார். பெரியப்பா வரப்பில் தனியாக நின்றார், வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லத்தான் வந்திருந்தார். அப்போது அப்பா வந்தார். டியூட்டிக்குப் போகிற யூனிஃபார்ம், ஷூவெல்லாம் சேறு. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். போய்ப் பெரியப்பாவுக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

"கிட்ட வாங்க சார், ரெண்டு பேரும் ஃப்ரேம்ல வரணும்" என்றார் மேடம்.

அரையடி நகர்ந்தார்கள். எங்கள் ஆபீஸ் போட்டோ ஆப் சாமானியமானதில்லை. இடம் எது என்று சேட்டிலைட்டில் கண்டுபிடித்த பிறகுதான் படம் எடுக்க விடும். அன்றைக்கு வானம் பூராவும் மேகம். போன் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. "அசையாதீங்க, தேடிட்டிருக்குது" என்றார் மேடம். அசையாமல் நின்றார்கள். ஜேசிபிக்காரர் ஒரு பீடியைப் பற்றவைத்து முடித்தார். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள், இத்தனை மாசத்தில் அவ்வளவு பக்கத்தில் அவர்கள் நின்றதில்லை.

"சிக்னல் வந்துடுச்சு! பெரியவரே, தொப்பிய எடுங்க, நிமிந்து பாருங்க. முகம் தெரியலன்னா ஏத்துக்காது."

பெரியப்பா தொப்பியை எடுத்தார். நிமிரவில்லை.

"நிமிருண்ணா" என்றார் அப்பா, மேடத்தின் போனைப் பார்த்துக்கொண்டே.

"எப்படிடா நிமிர்றது? உன்ன நாலு பேரு அப்படி கூப்புடறாப்போல பண்ணிட்டேனே, தம்பி."

"ஏக்கர ஏத்திச் சொன்னது நானு. நீ உள்ளதச் சொன்ன. வுடு."

"கேட்டாண்ட பாத்தேண்டா. எனுக்கு சோறே எறங்கல."

"வுடுன்றேன்ல. நிமிருண்ணா, மழ வருது."

பெரியப்பா நிமிர்ந்தார். முகமெல்லாம் கண்ணீர். மேடம் அந்த நேரம் பார்த்துக் கிளிக் செய்துவிட்டார். வேறு எடுக்கலாமா என்று கேட்டதற்கு அப்பா, "அதுவே இருக்கட்டும் மேடம், சேட்டிலைட்டு மறுபடி எங்கயாவது போயிடப் போவுது" என்றார். நான் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி நின்றேன். ஜேசிபி உறுமிக்கொண்டு மூலைக்குப் போய் முதல் வாய் மண்ணை அள்ளியது.

பெரியப்பா அழுகையை நிறுத்தவில்லை. அவருக்கு அழத் தெரியாது, பழக்கமில்லை, குழந்தை மாதிரி விக்கினார். அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, சரி. குறு விவசாயிக்கு வேற இன்னா இன்னா குடுக்கறான்? சொல்லு கேப்போம்."

பெரியப்பா தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். தம்பியை ஒரு தடவை உற்றுப் பார்த்தார், கிண்டல் பண்ணுகிறானோ என்று. இல்லை என்று தெரிந்ததும் மெதுவாக ஆரம்பித்தார், குட்டை நிறைந்தால் மீன்குஞ்சு விட்டு வளர்க்கலாம், வரப்பில் தேக்கு வைக்கக் கன்று இலவசமாகக் கொடுக்கிறார்கள், மண்புழு உரத்துக்குத் தொட்டி என்று. ஜேசிபி சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. அப்பா பஸ்ஸை விட்டுவிட்டு, கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு கிட்டே போனார்.

"இன்னும் சத்தமா சொல்லுண்ணா."

சொன்னார். பக்கத்துக் கோடவுன் வாசலில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், மாவட்டமே கேட்கட்டும் என்று நான் பக்கத்திலேயே நின்றேன்.